காலுக்கு ஒரு பாலம்

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)

ஒரு நகரம் நல்ல நகரமா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? உயரமான கட்டடங்களை எண்ணியா? மேம்பாலங்களை எண்ணியா? விமான நிலையத்தின் பளபளப்பைப் பார்த்தா? என்னைக் கேட்டால், சட்டைப் பையில் காசு இல்லாத ஒருவன் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஊரில் பயமில்லாமல் நடந்து திரிய முடிகிறதா என்று பாருங்கள் என்பேன். தாகம் எடுத்தால் தண்ணீர், கால் வலித்தால் உட்கார ஒரு படிக்கட்டு, வெயிலுக்கு ஒரு மரம். இவை கிடைத்தால் அது நல்ல நகரம். கிடைக்காவிட்டால், எவ்வளவு பெரிய நகரமாக இருந்தால் என்ன, அது வண்டி வைத்திருப்பவனின் நகரம்!

இந்த அளவுகோலோடு தேடியபோது எனக்குக் கிடைத்த ஊர் லுப்லியானா. பெயரைச் சொல்லும்போதே நாக்கு சுளுக்கிக்கொள்கிற மாதிரி இருக்கிறதல்லவா? ஐரோப்பாவில் இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் பக்கத்தில் ஸ்லோவேனியா என்று ஒரு சின்ன நாடு. யுகோஸ்லாவியாவின் ஒரு பகுதியாக இருந்து, 1991 ஜூன் 25 அன்று விடுதலையை அறிவித்துக்கொண்ட நாடு. மக்கள் தொகை மொத்தமே சுமார் 21 லட்சம். தலைநகரான லுப்லியானாவில் 3 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. இதைச் சொன்னதும் என் அறை நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், எங்க ஊர்த் தேருக்கே இதைவிடக் கூட்டம் வருமேடா! இதெல்லாம் ஒரு தலைநகரமா?"

சிரிக்கட்டும். ஊர் சின்னதாக இருப்பதால்தான் ஒரே நாளில், ஒரு ஜோடிச் செருப்பில், அதை முழுசாகப் பார்த்துவிட முடிகிறது.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே போனவன் இல்லை. பாஸ்போர்ட் என்ற பொருளை எங்கள் வீட்டில் யாரும் கையால் தொட்டதுகூட இல்லை. போன செமஸ்டர் லீவில், நூலகக் கணினியிலும் போனிலும் அந்த ஊரின் நிலப்படத்தையும் தெருப் படங்களையும் பார்த்துக்கொண்டே, தெருத் தெருவாக, பாலம் பாலமாக நடந்தேன். கால் நடக்கவில்லை, கண் நடந்தது. போகாதவன் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்: டிராயிங் ஹாலில் நாம் வரைகிற எந்தக் கட்டடத்துக்குள்ளே நாம் போயிருக்கிறோம்? பிளானைப் பார்த்து உள்ளே நடந்து பார்க்கத்தானே மூன்று வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்!

வாருங்கள், நடப்போம்.

ரயில் நிலையத்திலிருந்து தெற்கே நேராகப் போகிற சாலையைப் பிடித்தால் பத்து நிமிஷ நடையில் லுப்லியானிட்சா ஆறு. அதன்மேல் முதலில் எதிர்ப்படுவது டிராகன் பாலம். நாலு மூலையிலும் செப்புத் தகட்டில் செய்த நாலு டிராகன்கள், இறக்கையை விரித்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'மாமியார்'! எந்த நாட்டிலும் மாமியார் மாமியார்தான் போலிருக்கிறது.

சிரிப்பு இருக்கட்டும், சிவில்காரர்கள் கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் இது. 1895 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு இரவு, அந்த ஊரைப் பெரிய நிலநடுக்கம் ஒன்று குலுக்கிப் போட்டது. ஊரைத் திரும்பக் கட்டும்போது, இங்கே இருந்த பழைய மரப்பாலத்துக்குப் பதிலாக 1901-ல் திறந்ததுதான் இந்தப் பாலம். வலுவூட்டிய கான்கிரீட். ஸ்பான் 33 மீட்டருக்குச் சற்றே அதிகம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இவ்வகையில் பெரிய பாலங்களில் ஒன்று. யோசெஃப் மெலான் என்ற பொறியாளரின் முறையில் கட்டியது. வளைந்த எஃகு உத்திரங்களை முதலில் கரைக்குக் கரை நிறுத்திவிடுவார்கள். சென்ட்ரிங் பலகைகளை அந்த எஃகே தாங்கிக்கொள்ளும். அதைச் சுற்றிக் கான்கிரீட் போட வேண்டியதுதான், ஆற்றுக்குள் முட்டுக் கொடுக்கும் வேலையே இல்லை. கல்லில் கட்டுவதைவிடச் செலவு குறைவு என்பதும் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். இதை என் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொத்தனார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ முட்டு பிரிக்கிற கூலி மிச்சம்" என்றார். மெலான் பேட்டன்ட் வாங்கியது 1892-ல். அதன் பொருளாதாரத்தை அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

பாலத்தைத் தாண்டி ஆற்றோரமாகத் திரும்பினால் சந்தை. தூண் வரிசையோடு நீளமாக ஒரு கட்டடம், ஆற்றின் வளைவுக்கு ஏற்ப அதுவும் வளைந்து போகிறது. கீழ்த்தளத்தில் மீன் கடைகள், பக்கத்துத் திடலில் திறந்த வெளியில் காய்கறி, பழம், பூ. இதை வடிவமைத்தவர் யோஜெ பிளெச்னிக். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், இன்னும் பலமுறை வரப்போகிறது. 1872-ல் இதே ஊரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சரியாக ஏறாமல், கிராட்ஸ் நகரத்துத் தொழிற்பள்ளிக்கு அனுப்பப்பட்டவர். நம்ம ஆளு! பிறகு வியன்னாவில் ஓட்டோ வாக்னர் என்ற பெரிய கட்டடக் கலைஞரிடம் படித்து, பிராக் நகரத்து அரண்மனையையே புதுப்பிக்கும் வேலை வாங்கி, 1921-ல் சொந்த ஊருக்கே ஆசிரியராகத் திரும்பி வந்தார். 1957-ல் இறக்கும்வரை அந்த ஊரைக் கட்டிக்கொண்டே இருந்தார். 2021-ல் யுனெஸ்கோ அவருடைய லுப்லியானா வேலைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, 'மனிதனை மையமாகக் கொண்ட நகர வடிவமைப்பு' என்று பெயரிலேயே எழுதிவைத்தது.

சந்தையை ஒட்டியே நடந்தால் ஐந்து நிமிஷத்தில் மும்மைப் பாலம். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இந்தப் பாலத்துக்காகத்தான்.

அந்த இடத்தில் 1842-ல் கட்டிய கல்பாலம் ஒன்று இருந்தது. காலப்போக்கில் ஊர் பெருகிவிட்டது. குதிரை வண்டி, டிராம், மோட்டார், இவற்றுக்கு நடுவே நடந்து போகிறவன். பாலம் போதவில்லை. இந்த நிலைமையில் நாம் என்ன செய்வோம்? எஸ்டிமேட் போடுவோம், பழையதை இடிப்போம், அகலமாகப் புதுசு கட்டுவோம். மார்க் முழுசாகக் கிடைக்கும். பிளெச்னிக் என்ன செய்தார் தெரியுமா? பழைய பாலத்தை அப்படியே வைத்துக்கொண்டார். அதன் இரண்டு பக்கமும், கொஞ்சம் சாய்வான கோணத்தில், நடப்பவர்களுக்கு மட்டுமே இரண்டு பாலங்களைக் கட்டிச் சேர்த்தார். வடிவமைப்பு 1929-ல், வேலை முடிந்தது 1932-ல். வண்டிக்கு ஒன்று, காலுக்கு இரண்டு! நடைபாலத்திலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கப் படிக்கட்டுகள், கீழே மரங்கள், மூன்று பாலத்துக்கும் ஒரே மாதிரியான கைப்பிடிச் சுவர், விளக்குகள். மேலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரு கரையில் நெருங்கியும் மறு கரையில் விரிந்தும் விசிறி மாதிரி இருக்கும். வெவ்வேறு தெருவிலிருந்து வருகிறவன் சுற்றி வளைக்காமல் அவனவன் திசையிலேயே ஆற்றைக் கடந்துவிடலாம்.

பிறகு 2007-லிருந்து அந்த நடுப்பாலத்திலும் மோட்டார் வண்டிகள் நின்றுபோயின. பழைய நகரத்தின் மையப் பகுதியே படிப்படியாக நடப்பவர்களுக்கென்று விடப்பட்டது. இப்போது மூன்றும் கால்களுக்கு. 75 வருஷம் கழித்து இப்படி நடக்கும் என்று பிளெச்னிக்குக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அன்றைக்கு இடித்து அகலப்படுத்தியிருந்தால், இன்றைக்கு நடப்பவனிடம் கொடுக்க அங்கே வெறும் தார் ரோடுதான் மிஞ்சியிருக்கும்.

எங்கள் ஊர்க் கால்வாயிலும் ஒரு பாலம் இருந்தது. சின்னப் பாலம், ஓரத்தில் மூன்றடித் திண்டு. எங்கள் அத்தை கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தத் திண்டில்தான் போவார், வருவார். மூச்சு வாங்கினால் கூடையைக் கைப்பிடிச் சுவரில் இறக்கிவைத்து நிற்பார். சில வருஷத்துக்கு முன்னால் அதை இடித்துவிட்டு, இரண்டு லாரி ஒரே சமயத்தில் போகிற மாதிரி நல்ல கனமான பாலம் கட்டினார்கள். ஸ்ட்ரக்சர் அருமை. திண்டு மட்டும் இல்லை. லாரி வரும்போது அத்தை கூடையோடு கைப்பிடிச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு தடவை கூடை தட்டிவிடப்பட்டது. மூன்றாவது தடவை அவரே விழுந்தார். அதற்கப்புறம் அக்கரைச் சந்தைக்குப் போவதை விட்டுவிட்டார். இப்போது வீட்டு வாசலிலேயே, வருகிற விலைக்குக் கீரையைக் கொடுக்கிறார். "பாலம் நல்லாத்தான் இருக்கு தம்பி, அது நமக்குக் கட்டுனது இல்ல" என்றார் என்னிடம், கோபம்கூட இல்லாமல். யாரோ ஒருவர் அந்தப் பாலத்தின் கிராஸ் செக்‌ஷனை வரைந்திருப்பார் இல்லையா? மூன்றடியை அழித்த அந்தப் பென்சிலைப் பற்றித்தான் நான் யோசிக்கிறேன். நாளைக்கு அது என் கையிலும் இருக்கலாம், உங்கள் கையிலும் இருக்கலாம்.

சரி, நடையைத் தொடர்வோம். மும்மைப் பாலத்தின் மறுமுனையில் ஊரின் நடுச் சதுக்கம். நடு ஊரில் நிற்பது ராஜாவின் சிலை இல்லை, கவிஞர் சிலை. பிரான்சே பிரெஷெரன், 1800-ல் பிறந்து 1849-ல் மறைந்தவர். அவர் இறந்த பிப்ரவரி 8-ஐ அந்த நாடே விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது. சிலையின் பார்வை போகிற திசையில், ஒரு வீட்டுச் சுவரில், அவர் காதலித்துக் கைகூடாத யூலியாவின் உருவத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லூரி மலரில் காதலைப் பற்றி இதற்குமேல் எழுதினால் ஆசிரியர் குழு வெட்டிவிடும், மேலே போவோம்.

ஆற்றோரமாகவே இன்னும் கொஞ்ச தூரத்தில் செருப்புத் தைப்பவர் பாலம். பழைய காலத்தில் அங்கே இருந்த மரப்பாலத்தின் மேலேயே செருப்புத் தைப்பவர்களின் பட்டறைகள் இருந்தனவாம். 1930-களின் தொடக்கத்தில் பிளெச்னிக் புதுப் பாலம் கட்டினார், பெயர் மாறவில்லை. சந்தைப் பக்கம் 2010-ல் திறந்த இன்னொரு பாலத்துக்குக் கசாப்புக்காரர் பாலம் என்று பெயர். தலைவர்களின் பெயர்கள் நீளநீளமாக எழுதிய பாலங்களையே பார்த்துப் பழகியவனுக்கு, செருப்புத் தைத்தவனின் பெயரில், தலைநகரத்தின் நடு மத்தியில் ஒரு பாலம் என்றால் மனசுக்குள் என்னவோ செய்கிறது.

அங்கிருந்து ஒரு தெரு உள்ளே போனால் தேசிய, பல்கலைக்கழக நூலகம். 1936 முதல் 1941 வரை கட்டியது. அதுவும் பிளெச்னிக்தான். இந்த நூலகம் வேண்டும் என்று அந்தக் காலத்துப் பல்கலைக்கழக மாணவர்களே குரல் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நமது மாணவர் சங்கத்தின் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்! வெளிச்சுவரில் செங்கல்லும் கருங்கல்லும் கலந்து கலந்து துருத்திக்கொண்டிருக்கும். நிலநடுக்கத்தில் பாழான மாளிகை நின்ற இடம் அது. அந்த இடிபாட்டுக் கற்களும் இந்தச் சுவரில் சேர்ந்திருக்கின்றன. உள்ளே நுழைந்தால் இருட்டான பளிங்குப் படிக்கட்டு, இரண்டு பக்கமும் கறுப்புத் தூண்கள், மொத்தம் 32. படி ஏற ஏற மேலே வெளிச்சம். ஏறி முடித்தால் உயரமான ஜன்னல்கள் கொண்ட வாசிப்பு அறை. அறியாமையிலிருந்து அறிவுக்கு என்று சொல்லாமல் சொல்கிற படிக்கட்டு என்பார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. ஆனால் அவர் இருட்டில் இருக்கிறார், நான் வெளிச்சத்துக்கு ஏறிவிட்டேன் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை. அந்தப் படிக்கட்டின் படத்தைக் காட்டியபோது அவர் தூணைப் பார்க்கவில்லை, படியைத்தான் பார்த்தார். "ஏறுறதுக்கு வாட்டமா இருக்கு தம்பி. வயசானவங்களும் ஏறலாம்" என்றார். பிறகு, "கட்டுனவங்க பேரு எங்கேயாச்சும் இருக்கா?" என்று கேட்டார். பிளெச்னிக் பேரு இருக்குப்பா என்றேன். "அவரு வரைஞ்சவரு. நான் கேட்டது கட்டுனவங்களை." என்னிடம் பதில் இல்லை.

மேலும் தெற்கே பத்து நிமிஷம் நடந்தால் டிர்னோவோ பாலம். ஒரு சின்ன ஓடைக்கு மேலே, பாலத்தின் மீதே மரங்கள்! வேர் என்ன ஆகும், ஈரம் என்ன ஆகும், சுமை எவ்வளவு என்று நம் ஆசிரியரிடம் கேட்டேன். அரை மணி நேரம் போர்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். அவருக்கு என் நன்றி. ரயில் நிலையத்திலிருந்து இதுவரை நாம் நடந்தது மொத்தம் இரண்டரை கிலோமீட்டர்தான். திரும்பி வந்து கோட்டைக் குன்றின் மேல் ஏறினால் ஊர் முழுவதும் காலடியில். 2006-லிருந்து மேலே போகக் கேபிள் இழுக்கும் வண்டி இருக்கிறது, காசு கொடுக்க வேண்டும். நடைபாதைக்குக் காசில்லை. நம்ம வழி நடைபாதைதான்.

இத்தனை நடந்த பிறகு ஒரு கேள்வி. நடக்கிறது அந்த ஊருக்கு இவ்வளவு முக்கியமாக ஏன் போயிற்று? எனக்குத் தோன்றுகிற பதிலில் ஒரு கம்பிவேலி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படை அந்த ஊரைப் பிடித்தது. எதிர்ப்பு இயக்கத்தை நசுக்க, 1942 பிப்ரவரியில் ஊர் முழுவதையும் சுற்றி முள்வேலி போட்டார்கள். சுமார் 30 கிலோமீட்டர் வேலி! அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் வெளியே போகவோ உள்ளே வரவோ முடியாது. இத்தாலி சரணடைந்த பிறகு ஜெர்மன் படை அந்த வேலியைக் காவல் காத்தது. 1945 மே 9 வரை மொத்தம் 1170 நாட்கள். ஒரு தலைநகரமே சிறை!

போர் முடிந்த பிறகு அந்த மக்கள் வேலி இருந்த வழியையே நடைபாதையாக மாற்றிவிட்டார்கள். சுமார் 33 கிலோமீட்டர் மண்பாதை, ஓரமெல்லாம் ஆயிரக்கணக்கான மரங்கள். நினைவும் தோழமையும் என்ற பொருளில் அந்தப் பாதைக்குப் பெயர். ஒவ்வொரு மே மாதமும் ஆயிரக்கணக்கானோர் அந்த வழியில் சேர்ந்து நடக்கிறார்கள், 1957-லிருந்து நடக்கிற வழக்கம். 'இதற்குமேல் காலை வைக்காதே' என்று சொன்ன கோட்டின் மேலேயே காலை வைத்து நடக்கிறார்கள்! இதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் எந்த ஊரில் இருக்கிறது, சொல்லுங்கள்.

நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "அது பணக்கார நாடுடா, செய்வாங்க." மும்மைப் பாலம் உருவான 1929–32 என்பது உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த காலம். அன்றைக்கு அது பணக்கார நாடும் இல்லை. "வண்டியை நிறுத்தினால் வியாபாரம் படுத்துவிடும்." நடக்கிறவன்தான் கடை வாசலில் நிற்பான், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் எங்கே நிற்கப் போகிறான்? "நடக்க முடியாத கிழவன் கிழவி?" நியாயமான கேள்வி. மையப் பகுதியில் கட்டணமில்லாத சின்ன மின்சார வண்டிகளை மாநகராட்சி விட்டிருக்கிறது. கை காட்டினால் நிற்கும், மெதுவாகப் போகும். "அங்கே குளிரு, இங்கே வெயிலு." அப்படியென்றால் இங்கேதான் மரம் அதிகம் வேண்டும்!

குறையே இல்லாத ஊர் என்றும் சொல்ல மாட்டேன். ஆற்றோரம் முழுக்க நாற்காலி போட்ட காபிக் கடைகள். நடப்பதற்குக் காசு வேண்டாம், உட்கார்ந்து குடிப்பதற்கு யூரோ வேண்டும். காசில்லாதவனுக்குப் பொதுக் குழாயில் நல்ல தண்ணீர் உண்டு, படிக்கட்டு உண்டு. அவ்வளவுதான். என்னுடைய அளவுகோலுக்கு அது போதும். அத்தையைக் கேட்டால், கீரை விற்க இடம் கொடுப்பார்களா என்று முதலில் கேட்பார்.

கடைசி வருஷப் புராஜெக்டுக்கு எங்கள் குழுவில் நாலு பேர். மற்றவர்கள் அடுக்குமாடி, தண்ணீர்த் தொட்டி என்று எடுத்திருக்கிறார்கள். நாங்கள் எங்கள் ஊர்க் கால்வாய்ப் பாலத்தை எடுத்திருக்கிறோம். இருக்கிற பாலத்தை இடிக்கவில்லை. பக்கத்தில், சந்தைக்குப் போகிற பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு நடைபாலம். நடுவில் கூடை இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கி மேடை. மேடை எவ்வளவு உயரம் வேண்டும் என்பதற்கு எந்தக் கோட் புத்தகத்திலும் அளவு கிடைக்கவில்லை, அத்தையை நிற்க வைத்து டேப் பிடித்தோம். நாலடி மூன்று அங்குலம். எஸ்டிமேட் போடுவதில் அப்பா உதவுகிறார், சிமென்ட் விலை அவருக்குத்தான் சரியாகத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, லாரி வருவதற்கு முன்னால், லெவல் எடுக்கப் போகிறோம். ஸ்டாஃப் பிடிக்க ஒரு ஆள் குறைகிறது. முதலாம் ஆண்டுத் தம்பிகள் யாராவது வருவதாக இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லவும். டிபன் எங்கள் வீட்டில்.